ஈ, தா, கொடு: இரண்டு சட்டங்களை ஒரு தமிழாசிரியர் வாசித்தல்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் கேட்பதற்கென்று மூன்று சொற்களைப் பிரித்து வைக்கிறார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ‘ஈ’. ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்டால் ‘தா’. உயர்ந்தவன் கேட்டால் ‘கொடு’. பல்கலைக்கழகத்தில் இது பரீட்சைக்குரிய சூத்திரம். இப்போது அரச அலுவலகங்களுக்குப் போகிற கடிதங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கட ஊர்களில் தமிழ் வாத்தியாருக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு. மனு எழுதுவது. “சேர், பிரதேச சபைக்கு ஒரு கடிதம் வேணும்”, “சேர், பென்ஷன் விஷயமா ஒண்ணு எழுதித் தாங்க” என்று வீட்டு வாசலுக்கு வருவார்கள். எழுதிக்கொண்டுதான் வருகிறேன். அந்தக் கடிதங்களின் நடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று தொடங்கி, ‘தாழ்மையுடன் வேண்டி நிற்கிறேன்’ என்று முடியும். நடுவில் குடும்பக் கஷ்டம், நோய், பிள்ளைகளின் எண்ணிக்கை. சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பாடத்திலும் உடைந்த வீதியைத் திருத்தித் தரும்படி தவிசாளருக்கு இதே நடையில்தான் எழுதப் பழக்குகிறோம். வீதி ஊராருடைய வரிப்பணத்தில் போட்டது. கடிதமோ முழுக்க முழுக்க ‘ஈ’.

இந்த நடையை உடைத்த ஒரு பிரதி இலங்கையில் 2016இல் எழுதப்பட்டது. இலக்கியப் பத்திரிகைகளில் யாரும் அதை விமர்சனத்துக்கு எடுப்பதில்லை, அது சட்டம் என்பதால். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைச் சொல்கிறேன். அதற்கு முந்திய வருடம் 19ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 14அ உறுப்புரை சேர்ந்தது. தகவலைப் பெறுவது அடிப்படை உரிமைகளில் ஒன்றானது. சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தை ஒரு தமிழாசிரியனாக வாசித்தால் முதலில் கண்ணில் படுவது எழுவாய். 3ஆம் பிரிவின் எழுவாய் ‘ஒவ்வொரு பிரஜையும்’. அரச நிறுவனமொன்றின் கையில், பொறுப்பில், கட்டுப்பாட்டில் உள்ள தகவல் அவருக்கு உரியது என்பது பயனிலை. 24ஆம் பிரிவு இன்னும் சுவையானது. கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. தொடர்பு கொள்ள வேண்டிய விபரம் தவிர வேறு சொந்த விபரம் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். அதை எழுத்தில் போடுவது தகவல் உத்தியோகத்தரின் கடமை. எந்த மொழியில் தகவல் வேண்டும் என்றும் குறிப்பிடலாம். மனுவின் அத்தனை அலங்காரத்தையும் இந்தப் பிரிவு ஒரேயடியாகக் கழற்றிவிடுகிறது. நோயும் வேண்டாம், பிள்ளைகளின் எண்ணிக்கையும் வேண்டாம். இங்கே வருவது சுத்தமான ‘தா’.

சட்டத்தின் நடை மாறினாலும் அலுவலகத்தின் காது மாறவில்லை. ஒரு அலுவலகத்தில் கட்டட ஒதுக்கீடு ஒன்று பற்றி நான் விண்ணப்பம் கொடுத்தபோது, உத்தியோகத்தர் தாளை வாசித்து முடிக்கும் முன்னமே கேட்ட கேள்வி: “ஏன் சேர், இதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்கு?” அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்றுதான் சட்டத்தில் ஒரு வரியே இருக்கிறது. அவர் கெட்ட மனிதரல்ல. ‘ஈ’ என்ற சொல்லுக்குப் பழகிய காதுக்கு ‘தா’ என்பது அதட்டலாகக் கேட்கிறது. பதில் வந்தது, சிங்களத்தில். நான் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருந்தேன். திரும்ப எழுதி, இன்னும் மூன்று கிழமை காத்திருந்து வாங்கினேன்.

இதில் நிற்காமல் அடுத்த பிரதிக்குப் போவோம். 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க இலங்கைப் பத்திரிகைச் சபைச் சட்டம். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சியில் வந்தது. இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இதன் 16ஆம் பிரிவை வாசியுங்கள். எழுவாய் ‘எவரும்’; பயனிலை எதிர்மறை. அமைச்சரவைக் கூட்டத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் எதையும் எவரும் பத்திரிகையில் பிரசுரிக்கக் கூடாது. அமைச்சரவைக்கு அனுப்பப்பட்ட பத்திரத்தின் உள்ளடக்கத்தைப் பிரசுரிக்கக் கூடாது. அரச இரகசியத்தைப் பிரசுரிக்கக் கூடாது. பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லப்படும் நிதி, இறக்குமதி நடவடிக்கைகள் பற்றிய செய்தி தட்டுப்பாட்டையோ சிலருக்குத் திடீர் இலாபத்தையோ உண்டாக்குமென்றால் அதையும் பிரசுரிக்கக் கூடாது. மீறினால் குற்றம், சிறைக்கும் இடமுண்டு.

இந்த இரண்டு பிரதிகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு எவற்றைக் கொடுக்க மறுக்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது. அதில் அமைச்சரவைப் பத்திரமும் உண்டு. ஆனால் தீர்மானம் எடுக்கப்படும் வரைக்கும்தான். தீர்மானம் எடுத்த பிறகு அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்கோ அப்படியொரு காலக்கெடுவே கிடையாது. ஆக, ஒரு பிரஜை தனது அடையாள அட்டையோடு போய், படிவத்தை நிரப்பி, ஒரு அமைச்சரவைப் பத்திரத்தின் பிரதியைச் சட்டப்படி கையில் வாங்கலாம். அதையே ஒரு சிறிய பத்திரிகையின் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை அச்சிடுவதற்கு முன்னர் அவர் ஒரு சட்டத்தரணியைத் தேட வேண்டும்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வேறு சட்டத்தோடு முரண் வந்தால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது தகவலைக் கொடுப்பதைப் பற்றி; அச்சிடுவதைப் பற்றியல்ல. நீதிமன்றத்தில் நின்று வாதாடினால் வெல்லலாம். கொழும்பில் பெரிய நிறுவனத்துக்கு அது முடியும். அக்கரைப்பற்றிலோ புத்தளத்திலோ கடன் வாங்கிப் பத்திரிகை நடத்துகிறவருக்கு? அவர் அந்தச் செய்தியைப் போடமாட்டார். வழக்கே தேவைப்படாமல் சட்டம் தன் வேலையைச் செய்துவிடும். பழைய சட்டம் பழைய காலத்தோடு போய்விட்டது, யாரும் பாவிப்பதில்லை என்று சமாதானம் சொல்கிறவர்கள் இந்த அமைதியைக் கணக்கில் எடுப்பதில்லை. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நீக்கியபோது பத்திரிகைத்துறை பெருமூச்சு விட்டது. பத்திரிகைச் சபை மட்டும் தங்கிவிட்டது. அதோடு, செய்தி தந்தவரின் பெயரை வெளியிடாமலிருக்கப் பத்திரிகையாளருக்குப் பாதுகாப்புத் தரும் தனிச்சட்டமும் எங்களிடம் இல்லை. தகவலறியும் சட்டத்தின் 40ஆம் பிரிவு தகவலை வெளியிடும் அரச ஊழியரைக் காக்கப் பார்க்கிறது. அதைக் கேட்டு எழுதுகிறவருக்கு அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

இதெல்லாம் ஊடகக்காரர்களின் பிரச்சினை, எங்களுக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்காக 2020ஐப் பற்றி எழுதுகிறேன்.

அந்த வருடம் மார்ச் மாத இறுதியில் சுகாதார அமைச்சின் வழிகாட்டி முதலில் கொவிட் தொற்றால் இறந்தவர்களை அடக்கவும் அனுமதித்தது. சில நாட்களுக்குள் அது மாறியது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது: எரிப்பு மட்டும்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டி இரண்டையும் அனுமதித்திருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். நிபுணர் குழு சொன்னது என்றார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் திகதி, காரணம் சொல்லப்படாமலேயே, விசாரணைக்கு எடுக்கப்படாமல் தள்ளுபடியாகின. அதே மாதம் இருபது நாள் குழந்தையின் ஜனாஸா எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் கபன் துணிகளைக் கட்டினார்கள். இரண்டாவது நிபுணர் குழுவொன்று அடக்கவும் முடியும் என்று சிபாரிசு செய்தது. அதன் பிறகும் எரிப்பு தொடர்ந்தது. 2021 பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி திருத்தப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

மன்னிப்பு வந்தது. அதோடு கோவை வரவில்லை. எந்தக் கூட்டத்தில், எந்தத் திகதியில், எந்த ஆய்வை மேசையில் வைத்து, யார் யார் இருந்து அந்த வழிகாட்டியை மாற்றினார்கள் என்பதுதான் நாங்கள் அறிய வேண்டியது. மன்னிப்பு ஒரு வகையில் அரசு எங்களுக்கு ‘ஈந்தது’. ஆவணம் நாங்கள் ‘தா’ என்று கேட்க வேண்டியது.

தகவலறியும் சட்டத்தின் 25ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. ஒரு பிரஜையின் உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் எங்கட மையித்துகள் 48 மணித்தியாலம் காத்திருக்கவில்லை. வைத்தியசாலையிலிருந்து நேரே கொண்டுபோய்விட்டார்கள். மௌத்தானவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் இந்தச் சட்டத்தில் அவசரம் என்று ஒன்று இல்லை. அந்த விதியைத் திருத்தி, இறுதிக் கிரியை சம்பந்தமான தகவலையும் அதற்குள் கொண்டுவர வேண்டும் என்று கேட்பதற்கு எங்களை விடப் பொருத்தமான சமூகம் எது?

அந்த நாட்களில் பத்திரிகை என்ன செய்தது என்பதும் இங்கே சேர வேண்டியது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் பொலிஸார் ஒரு அறிவிப்புச் செய்தார்கள்: கொவிட் பணியில் இருக்கும் அதிகாரிகளை விமர்சிக்கிறவர்கள் கைது செய்யப்படுவார்கள். அதே ஏப்ரல் 9ஆம் திகதி ரம்ஸி ராஸிக் கைதானார். இனவாதத்துக்கு எதிராகச் சிங்களத்தில் தொடர்ந்து எழுதிவந்தவர். பேனாவாலும் விசைப்பலகையாலும் ஒரு கருத்துப் போராட்டம் வேண்டும் என்று முகநூலில் எழுதியதில் ‘ஜிஹாத்’ என்ற சொல் வந்துவிட்டது. ஐந்து மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆனது.

அடுத்த மாதம் இன்னொரு கைது. அஹ்னாப் ஜஸீம், இளம் கவிஞர், ஆசிரியர். சான்று, 2017இல் வெளியான அவருடைய ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஏறத்தாழ 19 மாதம் தடுத்து வைக்கப்பட்டார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்த வழக்கை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. ரசக் கோட்பாட்டில் கோபமும் ஒரு ரசம்; தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியும் ஒன்று. கவிஞன் வெகுளியை எழுதினால் அது வெகுளி, ஆயுதமல்ல. யுத்தத்தையும் தீவிரவாதத்தையும் வெறுக்கும் கவிதைகள் அந்தத் தொகுப்பிலேயே இருக்கின்றன. தமிழ் தெரியாதவர்களின் மேசையில், துண்டு துண்டாக மொழிபெயர்க்கப்பட்ட கவிதை குற்றமாகிவிட்டது.

அரசு எங்களை வாசிக்கிறது. முகநூல் பதிவை வாசிக்கிறது, கவிதையை வாசிக்கிறது, அறபு எழுத்து இருந்தால் கிதாபையும் வாசிக்கிறது. பதிலுக்கு நாங்கள் அரசை வாசிக்கிறோமா? அரசின் பிரதிகள் வர்த்தமானியும், கூட்டக் குறிப்பும், கேள்விப் பத்திரமும், செலவுக் கணக்கும்தான். இந்தச் சஞ்சிகையில் சித்திலெப்பை பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கும். 1882இல் கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியவர் ஒரு சட்டத்தரணி என்பதை நாங்கள் பெருமைக்காகச் சொல்கிறோம். சட்டம் படித்தவர் ஏன் பத்திரிகை தொடங்கினார் என்று கேட்பது குறைவு. நீதிமன்றத்தில் வெல்வதை ஊர் அறியாவிட்டால் அந்த வெற்றி ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஒரு நியாயமான எதிர்வாதம் எங்கள் பக்கமிருந்தே வருகிறது. பத்திரிகைச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம் என்கிறீர்களே, 2014 அளுத்கமையிலும் 2018 திகனையிலும் 2019 மேயிலும் எங்களை அடித்தது அந்தச் சுதந்திரம்தானே? மருத்துவர் கருத்தடை செய்தார் என்று முன்பக்கத்தில் போட்டதும் பத்திரிகைதானே? இப்படிப் பேசுகிறவர்கள் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை உள்ளுக்குள் வரவேற்றார்கள். அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம் எங்களிடம் 2007இலிருந்தே இருக்கிறது, சிவில் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயச் சட்டம் என்ற பெயரில். திகனைக்குப் பிறகு அதில் கைதுகள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தில்தான் ரம்ஸி ராஸிக்கும் பிடிபட்டார். எது பொய், எது மதத்தைப் புண்படுத்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட்டு, அது எப்போதும் எங்களுக்காகவே பாவிக்கப்படும் என்று நம்புவதற்கு எங்கட அனுபவத்தில் என்ன ஆதாரம்? சிறுபான்மைக்கு வேண்டியது வாயடைக்கும் சட்டமல்ல. பொய்ச் செய்திக்கு மறுநாளே ஆவணத்தோடு பதில் கொடுக்க முடிகிற நிலைமை. அந்த மருத்துவர் விஷயத்தில் ஊரைப் பற்ற வைத்தது செய்தி. அதை அணைக்கக்கூடிய உண்மைகள் விசாரணை அறிக்கைகளிலும் வைத்தியசாலைக் கோவைகளிலும் கிடந்தன.

எங்கட வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். வக்புச் சபை 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச நிறுவனம். தகவலறியும் சட்டம் அதற்கும் பொருந்தும். பள்ளிவாசல் காணி குத்தகை எத்தனைக்குப் போனது என்று ஜும்ஆவுக்குப் பிறகு வெளி மதிலில் சாய்ந்து நின்று குசுகுசுப்பதை விட, விண்ணப்பம் போடுவது மரியாதையான வேலை. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத் திருத்தத்துக்கான குழு 2009இல் நியமிக்கப்பட்டது. அறிக்கை 2018 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. அந்த ஒன்பது வருடங்களில் குழுவுக்குள் என்ன பேசப்பட்டது என்பது பற்றி ஊரில் உலவியதெல்லாம் வதந்தி. பெண்கள் அமைப்புகள் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிப்படைத்தன்மை அரசாங்கத்துக்கு மட்டும், ஜமாஅத்துக்கு வேண்டாம் என்ற நிலைப்பாட்டோடு யாரிடமும் போய் நிற்க முடியாது.

பாராளுமன்றத்தில் எங்கட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தேர்தல் காலத்தில் வீதியும் மண்டபமும் வாக்களிக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை சட்டத் திருத்தங்கள்: பத்திரிகைச் சபைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை நீக்குவது, தகவலறியும் சட்டத்தின்படி கிடைத்த எந்த ஆவணத்தையும் பிரசுரிப்பது குற்றமல்ல என்று ஒரே வரியில் சேர்ப்பது, செய்தி மூலத்தைப் பாதுகாக்கும் சட்டம், நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திரும்ப எழுதுவது. இதில் இரண்டாவது மிகச் சிறியது. எதிர்க்கிறவர்களுக்கு வாதம் கிடைப்பதும் கஷ்டம். அதிலிருந்து தொடங்கலாம். அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. உள்ளூர் நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவைத் தாண்டும் திட்டமென்றால் தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னரே அதன் விபரத்தை அறிவிக்க வேண்டும். கேட்காமலே தர வேண்டிய தகவல் அது. உங்கட ஊரில் கடைசியாகப் போட்ட கொங்கிரீட் வீதிக்கு அப்படி அறிவிப்பு வந்ததா?

சட்டம் மாறும் வரைக்கும் இருக்கிற சட்டத்தைப் பாவிக்கலாம். உயர்தரத் தமிழ் வகுப்பில் நான் இப்போது மனுவையும் தகவல் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். சுகாதார அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் இப்படி எழுதலாம். 2020 மார்ச் 20 முதல் ஏப்ரல் 11 வரை கொவிட் மரணங்களின் இறுதிக் கிரியை பற்றிக் கூடிய குழுக்களின் உறுப்பினர் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு கூட்டத்தினதும் திகதியும் கூட்டக் குறிப்பும். நிலத்தடி நீர் பற்றிக் குழுவின் முன் வைக்கப்பட்ட ஆய்வுகளின் பிரதி. வழிகாட்டியை மாற்றும்படி கேட்ட கடிதங்களின் பிரதி. இரண்டாவது நிபுணர் குழுவின் அறிக்கையும், அது அமைச்சுக்குக் கிடைத்த திகதியும். காரணம் எழுத வேண்டியதில்லை. மொழி என்ற இடத்தில் தமிழ் என்று போடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே அமைச்சின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அதற்குப் பிறகு ஆணைக்குழு. அதற்கும் பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம். தேசியப் பாதுகாப்பு என்று பதில் வந்தால், 5ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவைக் காட்டி, பொதுநலன் அதை விடப் பெரிது என்று எழுதுங்கள். கிடைக்கிற பதில்களை, மறுப்புக் கடிதம் உட்பட, இந்தச் சஞ்சிகைக்கு அனுப்பி வையுங்கள்.